"கால எடுத்தாலே நிக்குதுப்பா": கோல்ஃப் கார்ட் பிரேக் ஷூ மாற்றிய அனுபவம்

நாங்கள் இருப்பது ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குத் தென்மேற்கே உள்ள பீச்ட்ரீ சிட்டியில். இந்த ஊரில் கோல்ஃப் ஆடாதவர்கள் வீட்டிலும் கோல்ஃப் கார்ட், அதாவது கோல்ஃப் மைதானத்தில் ஓட்டுகிற சின்னத் திறந்த வண்டி, நிற்கும். மரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 100 மைல் நீளத்துக்கு அதற்கென்றே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். பெரிய சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்கம், இல்லையென்றால் மேலே பாலம். கடைக்கு, நூலகத்துக்கு, ஏரிக்கரைக்கு எல்லாம் அதில்தான் போவோம். மெக்கின்டாஷ் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாகக் கார்ட்டை நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போவார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி.

எங்களுடையது 2004 ஆம் ஆண்டு ஈஸி-கோ டிஎக்ஸ்டி, 36 வோல்ட் மின்சார வண்டி. இதே மாநிலத்தின் அகஸ்டாவில் 1954 இல் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். நான்கு வருடமாக பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, டயருக்குக் காற்று பார்ப்பது இரண்டையும் தவறாமல் செய்தேன். பிரேக்கை மட்டும் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாவது வாரம் மகள் சொன்னாள்: "அப்பா, வண்டி சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. ஸ்கூல் போய்ட்டு வந்து, லைப்ரரி போனா திரும்பி வரும்போது இழுக்குது."

"ஏத்தத்துல மட்டுமா?"

"எல்லா எடத்துலயும். ஆனா பிரேக் நல்லா இருக்கு. கால எடுத்தாலே நிக்குதுப்பா."

பதில் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரி என்றுதான் மனம் போயிற்று. ஒரு கடையில் விசாரித்தேன். வண்டியைப் பார்க்காமலே, பேட்டரிக்கு வயதாகிவிட்டது, ஆறையும் மாற்றுங்கள் என்றார்கள். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். பணத்தையும் எடுத்து வைத்துவிட்டேன்.

வாங்குவதற்கு முன்னால் எதற்கும் அளந்து பார்ப்போம் என்று ஒரு இரவு முழுக்க சார்ஜ் போட்டு, சில மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டரை வைத்தேன். மொத்தம் 38.1 வோல்ட். ஒவ்வொரு 6 வோல்ட் பேட்டரியும் 6.3க்கு மேல் காட்டியது. பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் எல்லா அறையும் 1.265க்கும் 1.275க்கும் இடையில். முழு சார்ஜில் நல்ல பேட்டரி இப்படித்தான் காட்டும். வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் சந்தேகம் மிஞ்சலாம், உள்ளே வலுவிழந்த பேட்டரியும் சும்மா நிற்கும்போது நல்ல வோல்ட் காட்டும். ஆனால் அமில அடர்த்தி பதினெட்டு அறையிலும் ஒன்றுபோல இருந்தது. அப்படியானால் சக்தி எங்கேதான் போகிறது?

சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று ஏரியைச் சுற்றி ஒரு நடை போய் வந்தேன். சமதளத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி நாலைந்து அடியில் தானாக நின்றது. முன்பெல்லாம் அது பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். அப்போதுதான் மகள் சொன்னது உறைத்தது. வீட்டு வாசலில் இறங்கி, பின்சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனேன். வலது பக்கம் வெதுவெதுப்புகூட இல்லை. இடது பக்கம் தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது. கூடவே லேசாகக் கருகல் வாசனை.

இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். கார்ட் வைத்திருக்கிற யாரும் மாதம் ஒருமுறை செய்யலாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இரண்டு மைல் ஓட்டுங்கள், இறங்கி இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள். தொட வேண்டாம், கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும்.

இந்த வண்டியில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். முன்சக்கரத்தில் ஒன்றும் கிடையாது. காரில் இருப்பதுபோல் பிரேக் ஆயிலும் இல்லை. மிதியை அழுத்தினால் ஒரு கம்பி இழுக்கும். அது வண்டிக்கு அடியில் இரண்டு கேபிளாகப் பிரிந்து, ஆளுக்கொரு சக்கரத்தின் லீவரை இழுக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் போன்ற பாகம்தான் டிரம். லீவர் அதற்குள் இருக்கும் வளைந்த இரண்டு ஷூவையும் விரித்து, டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். அவ்வளவுதான். ஒரு கேபிள் கெட்டால் பாதி பிரேக் போய்விடும், ஈடுகட்ட வேறொன்று இல்லை. உரசிக்கொண்டே இருக்கும் பிரேக்கைப் பார்த்து நன்றாகப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். உள்ளே ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் கரைந்துகொண்டிருக்கும். அது தீர்ந்த அன்று இரும்பும் இரும்பும் வழுக்கும், வண்டி நிற்காது. ஆறு பேட்டரியும் ஒவ்வொன்றும் 28 கிலோ. நாலு பேர் ஏறிய வண்டி சுரங்கப்பாதை இறக்கத்தில் போகும்போது முன்னால் சைக்கிளில் ஒரு குழந்தை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து வண்டியை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை வாரம் மகள் பள்ளிப் பேருந்தில் போனாள்.

முதல் சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். இருக்கைக்கு அடியில் ரன் (ஓட்டுவதற்கு), டோ (கட்டி இழுப்பதற்கு) என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை டோவுக்குத் தள்ளினேன். ரன்னில் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மோட்டாரே எதிர்த்துப் பிடிக்கும், உரசுவது பிரேக்கா மோட்டாரா என்று தெரியாது. அப்புறம் பேட்டரியின் பிரதான நெகட்டிவ் கேபிளைக் கழற்றினேன். மோதிரம், கடிகாரம் இரண்டையும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டேன். 36 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் ஸ்பானர் இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் இரும்பு சிவக்கும், பேட்டரி வெளிவிடும் வாயு பற்றிக்கொள்ளும்.

முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தேன். பார்க்கிங் பிரேக் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தேன், அது பூட்டியிருந்தால் டிரம் வரவே வராது. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட்டு, பின் ஆக்சிலுக்கு அடியில் ஜாக் வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடவே கூடாது.

இரண்டு பின்சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்போது ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றவேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதியின் வேலை அது. நான் வலதைச் சுற்றினேன். இடது அசையவில்லை, பதிலுக்கு மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டது. இடது சக்கரத்தை ஏதோ இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பது உறுதியாயிற்று.

இந்த இடத்தில் பலரும் நேராக டிரம்மைக் கழற்றப் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். சக்கரத்தின் பின்பக்கம் கேபிள் வந்து லீவரில் மாட்டியிருக்கும் பின்னைக் கழற்றினேன். கழன்ற அந்த நொடியே லீவர் டக்கென்று பின்னால் போயிற்று, சக்கரம் சுற்றத் தொடங்கியது. ஷூவையும் ஸ்பிரிங்கையும் குற்றம் சொல்ல முடியாது, கேபிள்தான் திரும்பி வராமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். சட்டத்தை ஒட்டி வளையும் இடத்தில் மேலுறை உரசிக் கிழிந்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே துருப்பிடித்திருந்தது. கையால் இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பவில்லை. வெறும் ஷூவை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த கோடைக்குள் அந்தப் புது ஷூவும் கருகியிருக்கும்.

கழற்றியும் சக்கரம் இறுக்கமாகவே இருந்திருந்தால் கோளாறு டிரம்முக்குள் என்று அர்த்தம். உடைந்த ஸ்பிரிங்கோ, துருப்பிடித்த லீவரோ, கழன்று விழுந்த லைனிங்கோ இருக்கும்.

கேபிள் ஜோடி, ஷூ செட், ஸ்பிரிங் செட் மூன்றையும் வண்டியின் வரிசை எண்ணைக் கொடுத்து ஆர்டர் போட்டேன். வருடத்தை மட்டும் நம்பவேண்டாம். இந்த வண்டியில் பிரேக் அமைப்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மொத்தச் செலவு 120 டாலருக்குள் முடிந்தது.

பாகங்கள் வருவதற்குள் டிரம்மைக் கழற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நடுவில் இருக்கும் தூசி மூடியைத் தட்டி எடுத்தால் உள்ளே ஒரு பெரிய நட், அது கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு காட்டர் பின். பின்னை நிமிர்த்தி உருவினேன், நட்டும் வாஷரும் வந்தன. டிரம் வரவில்லை.

காரணம் இரண்டு. ஆக்சில் முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பற்களில்தான் டிரம் உட்கார்ந்திருக்கிறது. இருபது வருடத் துரு இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது. இன்னொன்று, ஷூ உரசி உரசி டிரம்மின் உட்சுவர் குழிந்து, விளிம்பில் ஒரு சின்ன வரப்பு நின்றுவிடும். வெளியே இழுக்கும்போது ஷூ அந்த வரப்பில் மாட்டும். கேபிளைக் கழற்றியிருந்ததால் எனக்கு இரண்டாவது பிரச்சினை பாதி தீர்ந்திருந்தது.

பெரிய சுத்தியலை எடுக்கக் கை பரபரத்தது. டிரம் வார்ப்பிரும்பு, விளிம்பில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அதனால் துரு இளக்கும் எண்ணெயைப் பற்களுக்கு நடுவே அடித்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சக்கர போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தட்டையான பகுதியில் மரக்கட்டை வைத்துத் தட்டினேன். அன்று மாலை வரை வரவில்லை. மேலும் எண்ணெய் அடித்து இரவு விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை செய்த முறைதான் பலித்தது. பெரிய நட்டை முனையில் நாலு சுற்று மட்டும் மாட்டி வைத்தேன், டிரம் திடீரென்று பிய்ந்து வந்தால் அது தடுக்கும். அப்புறம் கழற்றிய சக்கரத்தையே திரும்ப டிரம்மில் மாட்டி, டயரின் மேலும் கீழும் பிடித்து மாற்றி மாற்றி என் பக்கம் இழுத்தேன். டயரின் விட்டம் நெம்புகோல்போல வேலை செய்கிறது. பத்துப் பதினைந்து இழுப்பில் ஒரு கிரீச் சத்தம், டிரம் கால் அங்குலம் நகர்ந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி இழுப்பு. வந்துவிட்டது. இதற்கும் வராவிட்டால் போல்ட்டில் மாட்டி இழுக்கும் புல்லரை இங்கே உதிரிபாகக் கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகிறார்கள். கம்பியில் வழுக்கும் எடையால் அடித்து இழுக்கும் வகையை எடுத்தால் ஓங்கி ஓங்கி அடிக்கக்கூடாது, அந்த அடியெல்லாம் ஆக்சில் பேரிங்கில்தான் போய் விழும்.

உள்ளே கறுப்புத் தூசியும் இந்த ஊர் செம்மண்ணும் கலந்து அப்பியிருந்தது. ஜார்ஜியா மண் எங்கள் சிவகங்கைப் பக்கத்துச் செம்மண் போலத்தான், துணியில் பட்டால் போகாது. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கிரைசோடைல் என்ற வகை ஆஸ்பெஸ்டாஸைத் தடைசெய்ததே 2024 மார்ச்சில்தான். இருபது வருடம் பழைய ஷூவில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, பிரேக் கிளீனரை அடித்து ஈரமாக்கித்தான் கழுவினேன். துடைத்த துணியைப் பையில் கட்டிப் போட்டேன்.

இடது ஷூ இரண்டிலும் லைனிங் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முன்பக்க ஷூவின் ஒரு ஓரத்தில் இரும்பே தெரிந்தது. சுமார் ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கராஜ் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இதை நம்பித்தான் தினமும் காலையில் பிள்ளை போய் வந்திருக்கிறாள்.

டிரம்மின் உட்சுவரில் சூட்டினால் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன், நகம் மாட்டுகிற ஆழத்தில் கோடு இல்லை. எமரி ஷீட்டால் குறுக்குவாக்கில் தேய்த்து, பளபளப்பைப் போக்கி, கழுவி வைத்தேன். விரிசலோ ஆழமான கோடோ இருந்திருந்தால் டிரம்மையும் மாற்றியிருப்பேன். ஆக்சில் சீலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளவேண்டும். கசிவை விட்டுவைத்தால் புது ஷூ எண்ணெய் குடித்து வீணாகிவிடும். என்னுடையது காய்ந்திருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் மற்ற பக்கத்தைத் தொட்டேன். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்த முனை மேலே என்று குழம்பினால் பிரிக்காத பக்கம் வழிகாட்டும். போனில் படமும் எடுத்திருந்தேன். ஆனாலும் படத்தில் நிழல் விழுந்த இடத்தில்தான் நமக்குத் தேவையான கொக்கி ஒளிந்திருக்கும்.

பின்னாலிருந்து ஆணிபோல நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் ஷூவை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிளேயரால் எடுத்தேன். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், இந்த ஸ்பிரிங் தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பின்தகட்டில் ஷூவின் ஓரம் உரசும் மேடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தேன். கூட வைத்தால் அது உருகி லைனிங்குக்குப் போகும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, புது ஷூவை ஓரத்தில் மட்டும் பிடித்து மாட்டினேன்.

மாட்டியதும் டிரம் ஏறவில்லை. ஷூ தவறாக வந்துவிட்டதோ என்று பெட்டியைப் பார்த்தேன், சரியான எண்தான். பழைய லைனிங் தேயத் தேய, தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் பல் பல்லாக நீண்டுபோய் நின்றிருக்கிறது. புது ஷூவோ கனமானது. அட்ஜஸ்டரை அதன் மிகக் குட்டையான நிலைக்குத் தள்ளாமல் டிரம் உட்காராது. திரும்பப் பிரித்து, அதை உள்ளே தள்ளி, மறுபடி மாட்டினேன். அரை மணி நேரம் போயிற்று.

வலது பக்க டிரம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அங்கே லைனிங் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இன்னும் வருடக்கணக்கில் ஓடும். ஆனாலும் மாற்றினேன். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் இருந்தால் பிடி சமமாக இருக்காது. ஈரத்தில் ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் விலகும்.

வலது டிரம்மைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் மகள் இருக்கையில் ஏறி எதையோ எடுக்கப் போனவள் பிரேக் மிதியில் கால் வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் பழைய கேபிள் மாட்டியபடியே இருந்தது. டிரம் இல்லாததால் ஷூ இரண்டும் அளவுக்கு மீறி விரிந்து, மேல் ஸ்பிரிங் கழன்று தகரக்கதவில் போய் அடித்தது. என் கை அப்போது உள்ளே இல்லை. தவறு என்னுடையது, முதலிலேயே சொல்லி வைத்திருக்கவேண்டும். அதன்பிறகு மிதிக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகி, மேலே "மிதிக்காதே" என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். டிரம்மில் கை வைப்பவர்கள் இதைத்தான் முதலில் செய்யவேண்டும்.

புதுக் கேபிள் இரண்டையும் பழைய வழியிலேயே கொண்டுபோனேன். அந்தக் கிழிந்த இடம் வரும் வளைவில் மட்டும் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் சுற்றி டை கட்டினேன். டிரம்மை மாட்டி, பெரிய நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். காட்டர் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கவேண்டும், இளக்கக்கூடாது. பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடாமல் புதுசு போட்டேன். சில காசு விலையுள்ள அந்தப் பின் இல்லாவிட்டால் சக்கரமே ஒருநாள் கழன்று போகும்.

அடுத்து, கேபிளை இறுக்கும் நட்டைத் தொடாமல் மிதியை மெதுவாக இருபது முறை மிதித்துவிட்டேன். உள்ளே அட்ஜஸ்டர் ஒவ்வொரு பல்லாக நகர்ந்து ஷூவை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவருவது மிதியிலேயே தெரிந்தது. ஆரம்பத்தில் தரை வரை போன மிதி போகப்போக மேலே நின்றது. கேபிளை முதலில் இறுக்கினால் அந்த லீவர் முழுக்கப் பின்னால் போகாது, அட்ஜஸ்டரும் வேலை செய்யாது, பழையபடி உரசல்தான். கடைசியில் மிதியில் கொஞ்சம் தளர்வு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

இப்போது வலது சக்கரத்தைச் சுற்றினேன். இடது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சத்தமில்லாமல் சுற்றியது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் நடை வேகத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டிப் பத்துப் பதினைந்து முறை நிறுத்தினேன். புது லைனிங் டிரம்மோடு பழகவேண்டும், முதல் மிதியிலேயே முழுப் பிடி வராது. கடைசியாக ஓங்கி மிதித்தபோது தரையில் இரண்டு டயரின் தடமும் ஒரே நீளத்தில் விழுந்தது. ஏரியைச் சுற்றி வந்து புறங்கையைக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசான வெதுவெதுப்பு. பேட்டரி அதே பழைய பேட்டரிதான், இப்போது ஒரு சார்ஜில் பள்ளிக்கும் நூலகத்துக்கும் போய் வந்த பிறகும் மீதி இருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். வழக்கம்போல வாசலுக்கு முன்னாலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறாள். வண்டி நிற்காமல் உருண்டு, கராஜ் கதவுக்கு இரண்டடி முன்னால், அவள் பதறி பிரேக்கை மிதித்த பிறகுதான் நின்றது. அன்றே மறுபடி ஒரு சுற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். எங்கே காலை எடுப்பது, எங்கே மிதிப்பது என்று சுரங்கப்பாதை இறக்கத்தில் நாலு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.